பூசைக்குப் போன லினக்ஸ் புத்தகம்

லினக்ஸ் கற்றுக்கொள்ள அச்சுப் புத்தகம் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று எரிச்சல் வரும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். 'வேண்டாம், எல்லாம் போனிலேயே இருக்கிறது' என்று நான் சொல்ல வேண்டும், அவர்கள் நிம்மதியாகப் போக வேண்டும். நான் அப்படிச் சொல்வதில்லை. வாங்குங்கள் என்றும் உடனே சொல்வதில்லை. பள்ளிபாளையத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஓர் ஆயுத பூசை நாளன்று நடந்ததைச் சொல்வேன். பொறுமை உள்ளவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

நான் படித்தது பி.காம். பில் அடிக்கத்தான் அங்கே சேர்ந்தேன். பக்கத்துக் கொட்டகையில் துண்டு நெய்யும் தறி ஓடும். இந்தப் பக்கம் அலுவலகத்தில் எத்தனை பெட்டித் துண்டு, எந்தக் கப்பல், எந்த நாட்டுக்கு என்று தாள் தயார் செய்வோம். காற்று திரும்பினால் பேப்பர் மில் வாடை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பில் அடிக்க வந்தவள் தலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் முழுவதும் வந்து விழுந்தது. பிரிண்டர் தாளை மென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கரண்ட் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் யாரோ கொண்டுவந்து செருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, பெரிய கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. ஆர்டர், பில், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதில்தான் இருந்தன. அதில் போட்டிருந்தது திருட்டு விண்டோஸ் என்பதால் யாரிடமும் போய் நியாயம் கேட்க முடியவில்லை. முதலாளி சேலத்தில் ஒரு கம்பெனியிடம் பேசினார். கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என எல்லாவற்றையும் அவர்களே மொத்தமாக எடுத்துக்கொள்வார்களாம். அப்படி எடுத்துக்கொண்டால் என் நாற்காலிக்கு வேலையில்லை என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கல்லூரி முடித்த பிள்ளைகளோடு நேர்காணலுக்குப் போய் வரிசையில் உட்காரும் வயதும் எனக்குத் தாண்டிவிட்டது. பயமாக இருந்தது. பயத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"அண்ணா, லினக்ஸ்னு ஒண்ணு இருக்குதுங். காசு குடுத்து வாங்க வேண்டியதில்லீங். வைரஸ் தொந்தரவும் அவ்வளவா இல்லீங். நானே போட்டு நானே பார்த்துக்கறனுங்" என்றேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓசில குடுக்கறது உருப்படியா இருக்குங்களா அம்மிணி?"

"இருக்கும்ங்ணா."

"சரி, போடுங்க. ஆனா வேலைக்கு ஆகற நேரத்துல ஒரு தடவ நின்னு போச்சுன்னா சேலத்துக்காரங்ககிட்டக் குடுத்துப்போடுவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

இருக்கும் என்று சொன்னேனே தவிர, எனக்கு லினக்ஸைப் பற்றிப் பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாது. அன்று சாயங்காலமே பாலத்தைத் தாண்டி ஈரோட்டுக்குப் போய், ஒரு புத்தகக் கடையில் இருந்ததிலேயே தடிமனான லினக்ஸ் புத்தகத்தை வாங்கினேன். தடிமனாக இருந்தால் எல்லாம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆங்கிலப் புத்தகம். பின்னட்டையில் ஓர் உறை ஒட்டி, அதற்குள் ஒரு டிவிடி வைத்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் டிவிடி போடும் கம்ப்யூட்டர் எதுவும் உயிரோடு இல்லை. அந்தத் தட்டை இன்றுவரை எதிலும் போட்டுப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகளுக்கான சாமான் கடையில் இருக்கிறார். புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது போர் போடற வண்டில கட்டித் தொங்கவிடலாம் போல இருக்குது. யூடியூப்ல அஞ்சு நிமிசத்துல காட்டறத எதுக்கு அஞ்சு மாசம் படிக்கற?" என்றார். நியாயமான கேள்விதான். நானும் முதலில் வீடியோவைத்தான் பார்த்தேன். 'வணக்கம் நண்பர்களே' என்று ஆரம்பிப்பான் ஒருவன். அவன் வணக்கம் சொல்லி, மணியை அழுத்தச் சொல்லி, தன் நாய்க்குட்டியைக் காட்டி முடிப்பதற்குள் எனக்குக் குக்கர் விசில் வந்துவிடும். பிறகு திடீரென்று வேகம் பிடித்து எதையோ தட்டுவான், திரை நிறைய எழுத்து ஓடும், 'அவ்வளவுதான், ரொம்ப சிம்பிள்' என்பான். சிம்பிள் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு அன்றிலிருந்தே ஒரு வெறுப்பு. எதை எப்படித் தட்ட வேண்டும் என்று சொல்வானே தவிர, ஏன் தட்டுகிறோம் என்று சொல்ல மாட்டான்.

அதற்காகப் புத்தகம் யோக்கியம் என்று சொல்லவில்லை. பாதிப் படங்கள் பழையவை. 'மேலே இடது மூலையில் உள்ள பொத்தானை அழுத்தவும்' என்றிருக்கும். என் திரையில் மேலே மூலையும் இருக்காது, பொத்தானும் இருக்காது. அச்சாகி என் கைக்கு வருவதற்குள் அந்தப் பொத்தானை எடுத்துக் கீழே வைத்திருப்பார்கள். அதில் சொன்ன ஒரு நிரலைத் தேடித் தேடிப் பார்த்தால், அதை மூடிவிட்டு வேறு பெயரில் வேறு ஒன்றை ஆரம்பித்துப் பல காலம் ஆகியிருக்கும். திரையைப் பற்றிய அத்தியாயங்களைப் படித்த நாட்களில் புத்தகத்தை இரண்டு முறையாவது மேசையில் ஓங்கி அடித்திருப்பேன்.

தினமும் பேருந்தில் படித்துக்கொண்டு வருவேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பேருந்தில் தடிப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அரசு வேலைத் தேர்வு. "குரூப் ஃபோருங்களா?" என்று நடத்துனர் கேட்டார். இல்லை என்றால் அடுத்து என்ன என்று விளக்க வேண்டும். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் தினமும், "பரிச்ச எப்பங்க?" என்று அக்கறையோடு விசாரிப்பார்.

படங்களைத் தாண்டிப் போன பிறகுதான் புத்தகம் என்னோடு பேச ஆரம்பித்தது. கோப்புகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன, யாருக்கு எதைத் திறக்க அனுமதி, சுவிட்சைப் போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் என்னென்ன செய்து எழுந்திருக்கிறது என்ற அத்தியாயங்கள். இவையெல்லாம் பழசாகவே இல்லை. அதிலும் ஒரு வரியைப் படித்து முடிக்கும்வரை அடுத்த வரி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது பெரிய ஆறுதல். குடோனில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்து, அதில் வேண்டுமென்றே எதையாவது கெடுத்து, புத்தகத்தைப் பார்த்துச் சரிசெய்து பழகினேன்.

கை பழகியதும் பெரிய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, புத்தகம் சொன்னபடி அதில் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, 'ரூட்' என்ற தலைமைக் கணக்குக்குத் தனியாக ஒரு கடவுச்சொல் வைத்தேன். இப்போது அது தேவையே இல்லை, பழைய பழக்கம் என்று எல்லா வீடியோக்களும் சொல்லின. புத்தகம் பிடிவாதமாக வை என்றது, வைத்தேன். இன்னொன்று, கறுப்புப் பெட்டி மாதிரி ஒரு வெளி டிஸ்க்கை வயர் போட்டு இணைத்து, தினமும் சாயங்காலம் எல்லாக் கோப்புகளும் அதில் நகலாகும்படி செய்தேன். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது எந்தெந்த டிஸ்க்கைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கோப்பில் வரிசையாக எழுதியிருக்கும். அதில் இந்த டிஸ்க்குக்காக ஒரு வரியைப் புத்தகத்தில் இருந்தபடியே எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினேன். எல்லாம் ஓடியது. மாதக்கணக்காக அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தவே இல்லை. முதலாளி சேலத்தைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்குத் தறி, லாரி, தராசு எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கும் உண்டு. முதல் நாள் மாலையே நான் முறைப்படி அதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்தபோது முதலாளியின் மனைவி, நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், அலுவலகத்தைத் தண்ணீர் விட்டு அலசி, கோலம் போட்டு, கம்ப்யூட்டருக்கு இருந்த இடத்திலேயே பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு மேசையில் மற்றதையெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். பட்டுத் துணி போர்த்தி, மேலே பூ வைத்திருந்தது. துணியின் ஓரத்தில், நான் முதல் நாள் மேசையில் விட்டுப்போன என் புத்தகத்தின் முதுகு தெரிந்தது.

"சரஸ்வதிக்கு வெக்கறதுக்கு இந்த ஆபீசுல புக்குன்னு இருக்கறதே அது ஒண்ணுதானே அம்மிணி. நல்லாப் பெருசா வேற இருக்குது" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கற்பூரம் காட்டி, பொரி கடலை தின்று, கைநிறைய இனிப்பு வாங்கிக்கொண்டு தறிக்காரர்கள் எல்லாரும் கிளம்பினார்கள். நானும் கைப்பையை எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏஜென்ட் போன் செய்தார். துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த சரக்கின் பேக்கிங் லிஸ்ட்டில் பெட்டிகளின் எடை தப்பாக இருக்கிறதாம். திருத்திய தாள் அன்று சாயங்காலத்துக்குள் வராவிட்டால் கண்டெய்னரை இறக்கி வைத்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும். கப்பலுக்கு ஆயுத பூசை கிடையாது.

"சாமி, கம்ப்யூட்டர மட்டும் ஒரு தடவ போட்டுக்கறோம்" என்று முதலாளி தன் மனைவியிடம் கெஞ்சினார். பூசை போட்ட ஆயுதத்தை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது. அக்கா யோசித்து, ஒரு கற்பூரத்தை மறுபடி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, "சரி, போடுங்க" என்றார்.

போட்டேன். வழக்கமான படம் வரவில்லை. கறுப்புத் திரையில் எதற்காகவோ காத்திருப்பதாக ஒரு வரி வந்து வெகு நேரம் நின்றது. பிறகு அவசர நிலையில் இருக்கிறாய், தலைமைக் கடவுச்சொல்லைக் கொடு என்று வெள்ளை எழுத்தில் வந்து நின்றுவிட்டது. மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதேதான்.

முதலாளி திட்டியிருந்தால்கூடத் தேவலை. போனை எடுத்துச் சேலத்துக்காரரைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். அந்த மனுஷர் திரையில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டிஸ்க் போயிருக்கும் சார். லினக்ஸ்லாம் இப்படித்தான் சார். நாளைக்கு ஆள் அனுப்பறேன், ஃபார்மட் பண்ணிட்டு நம்ம சாஃப்ட்வேரே போட்டுக்கலாம்" என்றார். ஃபார்மட் பண்ணினால் இருக்கிறதும் துடைத்துக்கொண்டு போகும். முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

போனில் தேடினேன். ஒரு வீடியோ திரும்ப இன்ஸ்டால் பண்ணு என்றது. இன்னொன்று, சுவிட்சைப் போட்டவுடன் ஒரு விசையை அழுத்தி டிஸ்க்கைச் சோதிக்கச் சொன்னது. அழுத்திப் பார்த்தேன், உள்ளே இருக்கும் டிஸ்க்கில் பழுது ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. பழுது இல்லை என்றால் ஏன் நிற்கிறாய் என்று வாய்விட்டே கேட்டேன்.

"அக்கா, அந்தப் புக்க மட்டும் எடுத்துக்கட்டுங்களா? ஒரே ஒரு பக்கம் பார்த்துட்டு வெச்சர்றேன்" என்றேன்.

அக்கா குறுக்கே வந்து நின்றுவிட்டார். "ஆயுதத்தக்கூட அவசரத்துக்கு எடுக்கலாம் அம்மிணி. பூசைல வெச்ச புக்க இன்னிக்கிப் படிச்சா படிச்சது மறந்து போயிரும். எம்படிப்பா போகுது? உங்க படிப்புத்தான்."

அவரோடு வாதாட எனக்கு நேரமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தப் பக்கம் எனக்கு அப்படியே தெரிந்தது. இடது பக்கம், மேலே, பேருந்து குலுங்கியபோது சிந்திய டீக்கறை. கறைக்குக் கீழே கட்டம் கட்டி, கம்ப்யூட்டர் எழுந்திருக்காவிட்டால் கடைசி வரியைப் பார்த்துப் பதறாதே, அதற்கு முந்திய வரிகளில் முதன்முதலாக எது தோற்றது என்று தேடு என்று போட்டிருக்கும். வீடியோவில் பார்த்தது ஒன்றும் எனக்கு இப்படி இடத்தோடு நினைவில் நின்றதில்லை.

தலைமைக் கடவுச்சொல்லைத் தட்டினேன். யாருக்கும் தேவையில்லாத அந்தப் பழைய பழக்கம்தான் கதவைத் திறந்துவிட்டது. வைக்காமல் இருந்திருந்தால் வாசலிலேயே நின்றிருக்க வேண்டும். உள்ளே போய், எழுந்திருக்கும்போது அது எழுதிவைத்த குறிப்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். எல்லாம் சரி, சரி, சரி. பிறகு சிவப்பாக ஒரு வரி: நகல் எடுக்கும் டிஸ்க் வரவில்லை, காத்திருந்து பார்த்தேன், வரவே இல்லை.

கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். வயரின் நுனி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு கறுப்புப் பொட்டி இருந்துதுங்களே அக்கா?"

"அதுங்களா? அதுலதான் எல்லாக் கணக்கும் பத்திரமா இருக்குதுன்னு நீங்கதான அன்னிக்கிச் சொன்னீங்க. கணக்கு இருக்கறதப் பூசைல வெக்காம உடலாமுங்களா? குங்குமம் வெச்சுப் புக்கு மேலயே வெச்சிருக்கறேன்."

கம்ப்யூட்டர் விடாமல் தேடிக்கொண்டிருந்த டிஸ்க்கும், அதற்கு வழி சொல்லும் புத்தகமும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பட்டுத் துணிக்கு அடியில் இருந்தன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளி ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விளக்கியதும், "அதையாச்சும் எடுத்துக் குடு சாமி" என்று எழுந்துவிட்டார். அக்காவின் முகம் வாடிப்போனது. தன்னால்தான் நின்றுவிட்டது என்று அவருக்குப் பட்டுவிட்டது போலும்.

"வேண்டாமுங்ணா. அது சாமிகிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

டிஸ்க்குக்காக நான் எழுதிய வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திறந்தேன். அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறியை வைத்தேன். குறி வைத்த வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். சேமித்து, அணைத்து, மறுபடி போட்டேன். இந்த முறை அது யாருக்காகவும் காத்திருக்கவில்லை. எங்கள் துண்டுப் படம் போட்ட நீலத் திரை வந்ததும் முதலாளி விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. பேக்கிங் லிஸ்ட்டைத் திருத்தி அனுப்பினேன். வெயில் தாழ்வதற்குள் தூத்துக்குடியிலிருந்து 'வந்துவிட்டது' என்று பதில் வந்தது.

மறுநாள் விஜயதசமி. பூசையைப் பிரித்ததும் அதில் வைத்த புத்தகத்தில் நாலு வரி படிக்க வேண்டும் என்பது முறை. அக்கா புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அட்டையில் பெரிதாகச் சந்தனப் பொட்டு. படிங்க என்றார். தறிக்காரர்கள் எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். நான் டீக்கறைப் பக்கத்தைத் திறந்து ஆங்கிலத்தில் சத்தமாகப் படித்தேன். ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரிந்திருக்காது, ஆனாலும் யாரும் கையை இறக்கவில்லை.

அடுத்த பக்கத்தைத் திருப்பியபோது எனக்குச் சுருக்கென்றது. நான் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிய வரி அங்கே இருந்தது. டிஸ்க் இல்லாவிட்டால் போகட்டும் என்று சொல்வதற்கு அதில் இன்னும் ஒரே ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல் புத்தகத்தில் எங்குமே இல்லை. பூசைக்கு டிஸ்க்கைக் கழற்றுவார்கள் என்று எழுதியவருக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டரிலேயே இருக்கும் உதவிப் பக்கத்தில் தேடிப் பிடித்து அந்தச் சொல்லைச் சேர்த்தேன், புத்தகத்திலும் பேனாவால் எழுதினேன். கம்ப்யூட்டரை நிறுத்தி வைத்ததும் அந்தப் புத்தகம்தான், எழுப்பிவிட்டதும் அந்தப் புத்தகம்தான். வாங்கலாமா என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

எல்லாரும் தறிக்குப் போன பிறகும் அக்கா நின்றுகொண்டிருந்தார். நேற்றிலிருந்து ஏதோ கேட்க நினைத்து அடக்கி வைத்திருந்தது முகத்தில் தெரிந்தது.

"நான் ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது அம்மிணி. நேத்து புக்கு இல்லாமயே எல்லாத்தையும் சரி பண்ணிட்டீங்க. அப்பறம் இத்தாச்சோட்டுத் தடிப் புக்கு எதுக்குங்க?"

"புக்கு இல்லாத அன்னிக்கிச் சரி பண்றதுக்குத்தானுங்க அக்கா" என்றேன்.

முதலாளி அடுத்த மேசையில் போனோடு உட்கார்ந்திருந்தார். சேலத்துக்காரர் தான் அனுப்பிய ஆள் சங்ககிரி தாண்டிவிட்டான், இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி என் பக்கம் திரும்பாமலே, "அவர அப்படியே திரும்பச் சொல்லீருங்க. எங்க ஆபீசுல ஆளு இருக்குதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.